ஒட்டாமல் விட்ட ஜன்னல்

சம்பந்தி,

ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டுவதற்காகச் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. முப்பத்து நான்கு வருடம் லாரி பட்டறையில் இந்த நெடியோடுதான் சோறு தின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் என்னை அது ஒன்றும் செய்ததில்லை. இந்த ஆறு வருடமாகத்தான் இப்படி. டப்பாவை மூடிவிட்டு, மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்த வரைக்கும் உங்களிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. போய் ஏழு மாதம் ஆன பிறகு கடிதம் எழுதுகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வரட்டும்.

உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நாளை மறுநாள் மகளும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வருகிறார்கள். வீட்டுக்கு முன்னால் ராசிபுரம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஒரு டிப்பர் போனால் போதும், கூடத்தில் துடைத்து வைத்த டி.வி. மேல் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. நேற்று மகள் போனில் சொன்னாள்: "அப்பா, ஜன்னல் ரப்பரெல்லாம் வெடிச்சுப் போச்சு. நான் வர்றதுக்குள்ள மாத்திப்போடுங்க. அப்படியே அந்த ரூமுக்கும் ஒட்டீருங்க. ஊடு பூராத்துக்கும் ஒட்டீட்டு அந்த ரூம மட்டும் ஏனுங்கப்பா உட்டுட்டீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் நீங்கள். இன்று சாயங்காலம் உங்கள் மகன், என் மாப்பிள்ளை, தொட்டில் கம்பியும் கட்டிலும் கொண்டு வருகிறார். அவரிடம் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். இதற்கு முன்னும் பல தடவை இப்படி முடிவெடுத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

காலையிலிருந்து கூடத்து ஜன்னல்களின் பழைய ரப்பரை உரித்துக்கொண்டிருந்தேன். ஒட்டிய காலத்தில் விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கி எழும். இப்போது அப்பளமாக ஒடிகிறது. பட்டித் தகட்டை அடியில் கொடுத்து நெம்பினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வருகிறது. மரத்தில் கறுப்புக் கோடாகப் பசை நிற்கிறது, அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நான்கு ஜன்னல் முடித்துவிட்டேன். ஐந்தாவது அந்த அறை. அதன் வாசல் வரைக்கும் போய் மூன்று முறை திரும்பிவிட்டேன்.

அப்போது எப்படி ஆரம்பித்தது என்பது உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். லாரி கேபினுக்குக் கதவும் கண்ணாடியும் பொருத்துவதுதான் என் தொழில். நான் மாட்டிய கதவில் தூசி வருகிறது என்று ஒரு டிரைவரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கொழுப்பு எனக்கு உண்டு. ஆனால் என் வீட்டு ஜன்னல்களோ, பழைய வீடு இடித்த இடத்தில் எடுத்து வந்து வைத்த தேக்கு. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும். என் வீட்டுக்காரி பழைய சேலையைக் கிழித்து நாடாவாக மடித்து, சின்ன ஆணி அடித்து அந்தச் சந்தை அடைத்திருந்தாள். அதுவும் நைந்து தொங்கியது. மகள் முதல் பிரசவம் முடிந்து வந்தது மார்கழி. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று வீட்டில் ஓயாத பேச்சு. "ஊரு லாரிக்கெல்லாம் கதவு மாட்டறீங்க, பெத்த புள்ளைக்கு ஒரு ஜன்னல அடைக்க முடியல" என்று வீட்டுக்காரி ஒரு நாள் குத்திக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளே பட்டறையிலிருந்து கேபின் கதவுக்கு ஒட்டுகிற தடித்த ரப்பர் பீடிங் ஒரு சுருள் கொண்டுவந்தேன்.

இரண்டு நாள் வேலை. அந்த நைந்த நாடாவையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, கூடத்து ஜன்னல்கள், மகளும் குழந்தையும் படுத்திருந்த அறையின் ஜன்னல், மேலே இருந்த சின்னச் சாளரம், அந்த அறைக் கதவின் நாலு பக்கம், அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். புது ரப்பர் விறைப்பாக இருந்ததால் கதவு தானாக நிற்காமல் வெளியே தள்ளியது. உள்ளே தாழ் போட்டால்தான் நின்றது. முடித்துவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகப் பிடித்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புகை இப்படி அப்படி அசையாமல் நேராக மேலே போனது. அவள் மூக்கில் விரல் வைத்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் புகை என்னிடம் என்ன சொன்னது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இப்போதும் யாராவது ஊதுபத்தி கொளுத்தினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் நாலு அடுக்கு கேரியரோடு. காலை பத்து, பத்தரை இருக்கும். வீட்டுக்காரி மகளுக்குத் தலைக்கு ஊற்றி, குழந்தையையும் குளிக்க வைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு மாவு மில்லுக்குப் போயிருந்தாள். குளிர் அதிகம் என்று கரித்தணல் சட்டியை வெளியே எடுக்காமல் கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டுப் போயிருந்தாள்; மகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். தினமும் செய்கிற காரியம்தான். அதுவரை அந்தச் சந்துகள் வழியாக எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கோபமாகத்தான் வந்தீர்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. கேரியரைக் கீழே வைக்காமலே கேட்டீர்கள்.

"ஏனுங்கண்ணா, கொளந்தைக்குப் பேர் வெக்கறதுக்கு நாள் குறிச்சாச்சாமா? ஊருக்கெல்லாம் தெரியுது. பெத்தவனோட அம்மாவுக்குத் தெரியல."

"அதெல்லாம் பேசிக்கலாங்க. உக்காருங்க சம்பந்தி."

"உக்கார வரலீங்க. கொளந்தையப் பாத்துப்போட்டுப் போறேன்."

"ரெண்டு பேரும் தூங்கறாங்க. இப்பக் கதவத் தொறந்தா காத்தடிக்கும். முழிச்சதும் பாருங்க."

நீங்கள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றீர்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மாப்பிள்ளை வீட்டு அதிகாரத்தை என் வாசலில் நிறுத்திவிட்டேன் என்று. கொஞ்ச நேரம் கழித்து, "எப்பத் தூங்குனாங்க?" என்றீர்கள்.

"குளிச்சதுமே."

"அப்பப் பிடிச்சுக் கொளந்தை பாலுக்குக் கூட அழுவலீங்களா?"

நான் சிரித்தேன் சம்பந்தி. சிரித்துக்கொண்டு சொன்னேன்: "நான் ஒட்டுன ரப்பருங்க. உள்ள கத்துனாலும் வெளீல கேக்காது."

உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை. கதவிடம் போய், "அம்மிணி, கண்ணு" என்று கூப்பிட்டீர்கள். தட்டினீர்கள். பதில் இல்லை. வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் ஓடினீர்கள். நானும் பின்னால் வந்தேன், "தட்டாதீங்க, புள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு" என்று எரிச்சலோடு. பூப்போட்ட கண்ணாடி அது, உள்ளே இருப்பது மங்கலாகத்தான் தெரியும். நீங்கள் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தீர்கள். "கை தொங்குதுங்க" என்றீர்கள். அடுத்த நொடி கேரியரைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தீர்கள்.

என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "கண்ணாடி!" என்பதுதான். மகள் பேரோ பேத்தி பேரோ இல்லை. நீங்கள் உடைந்த இடத்தில் கையை விட்டு உள்கொண்டியைத் தேடினீர்கள். நான் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது இந்தப் பொம்பளைக்கு என்றுதான் நினைத்தேன். அந்த இழுப்பில்தான் கண்ணாடி உங்கள் கையை முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உடுங்கண்ணா! உள்ள மூச்சில்ல! போய்க் கதவ ஒடைங்க!"

அந்தக் குரல் கேட்டுத்தான் என் கால் நகர்ந்தது. மூன்றாவது உதையில் தாழ் தெறித்தது. உள்ளே புகையே இல்லை. அதுதான் பயங்கரம். சூடு மட்டும், வெள்ளைச் சாம்பலுக்கு அடியில் சிவப்பாகத் தணல். மகள் வாயோரம் வாந்தி, கண் பாதி திறந்திருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே விழுந்தேன். நீங்கள் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து வேப்பமரத்தடிக்கு ஓடினீர்கள். முதுகைத் தேய்த்தீர்கள், பாதத்தைத் தட்டினீர்கள், "அழுவு சாமி, அழுவு சாமி" என்று கெஞ்சினீர்கள். உங்கள் ரத்தம் குழந்தையின் வெள்ளைத் துணியில் சொட்டியது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. நீங்கள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்த நேரம்தான் வீட்டுக்காரி மாவுத் தூக்கோடு வந்தாள். அவள் கண்ணில் பட்டது உடைந்த ஜன்னல், கையில் ரத்தத்தோடு நீங்கள், வாசலில் மயங்கிக் கிடக்கிற மகள். எதிர்வீட்டுக்காரர்களும் அதைத்தான் பார்த்தார்கள். ஆட்டோவில் போகும்போதே அவள் கேட்டாள், "என்ன சண்டைங்க, கண்ணாடியத் தூக்கி ஒடைக்கற அளவுக்கு?" நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் நம் இருவரிடம் மட்டும், அறைக்குள் கரி எரிந்ததா, காற்றுப் போக வழி இருந்ததா என்று கேட்டார். கரி எரிகிற அறையை அடைத்தால் கண்ணுக்குத் தெரியாத விஷம் நிறைந்துவிடும் என்றார். இன்னும் பத்து நிமிடம் ஆகியிருந்தால் தன்னிடம் கொண்டுவந்தே இருக்க வேண்டாம் என்றார். அப்போது உங்கள் கையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் தரையைப் பார்த்தேன்.

வராந்தாவில் வைத்து உங்களிடம் கெஞ்சினேன். "ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தணல் வெச்சது அவ. தெரிஞ்சா உசுரோட இருக்கமாட்டா."

"அவங்க தெனமும் வெக்கறதுதானுங்கண்ணா. காத்துப் போற வழிய அடைச்சது யாருங்க?"

நான் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"செரி" என்றீர்கள். "நான் சொல்லல. நீங்களாச் சொல்ற அன்னைக்குச் சொல்லிக்கோங்க. அந்த ரப்பர மட்டும் இன்னைக்கே உரிச்சுப்போடுங்க."

அன்று சாயங்காலமே அந்த அறையில் ஒரு துண்டு விடாமல் உரித்தேன். அது ஒன்றைத்தான் செய்தேன். மற்றதெல்லாம் தானாக நடந்தது என்று சொல்லிக்கொள்வேன். பெயர் வைக்கக் கூப்பிடாத கோபத்தில் சம்பந்தியம்மா வந்து ஜன்னலை உடைத்தார்கள், அந்த அதிர்ச்சியில் பச்சை உடம்புக்காரி மயங்கிவிட்டாள். இந்தக் கதையை முதலில் சொன்னது என் வீட்டுக்காரி. மகளுக்கும் நினைவு வந்தபோது கண்ணாடிச் சத்தம்தான் மனதில் இருந்தது, அதனால் அவளும் நம்பினாள். கதை தெரு தாண்டி, சொந்தம் தாண்டி, மத்தியப் பிரதேசத்தில் போர் போடுகிற ரிக் வண்டியோடு இருந்த உங்கள் மகன் காதுக்கும் போனது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பொய் சொல்லியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்தது என்று ஆகியிருக்கும்.

உங்கள் மகன் உங்களிடம், "இனி அந்த ஊட்டுப் படி ஏறாதம்மா" என்று சொன்னாராம். நீங்கள் "செரி சாமி" என்று சொல்லிவிட்டு, ஏறவேயில்லை. பேத்தியின் காதுகுத்துக்குக் கோயில் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். தழும்பு தெரியாமல் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டிருந்தீர்கள், அந்த வெயிலில். என் வீட்டுக்காரி உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் தண்ணீர் டம்ளரோடு உங்கள் பக்கம் வந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "ரப்பர எடுத்துட்டீங்களாண்ணா?" எடுத்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தீர்கள்.

வெளியே கார் சத்தம். உங்கள் மகன்தான். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு நாள் ஆகிவிட்டது சம்பந்தி.

கட்டிலைப் பொருத்திவிட்டு மாப்பிள்ளை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாமா, இந்த ரூமுக்கு ரப்பர் ஒட்டலீங்களா? நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்றார். வழக்கம்போல வேறு பேச்சு பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எப்படியோ அது வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுபத்தியை, சிரித்ததை, டாக்டர் சொன்னதை. "கைல அந்தத் தையல்..." என்று அவர் பாதியில் நிறுத்தினார். "நான் இழுத்ததுல மாப்ள" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. ஸ்பேனரைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். காரின் கதவில் கை வைத்தபடி நின்றார், ஏறவில்லை. திரும்பினால், அறை வாசலில் என் வீட்டுக்காரி. எப்போதிலிருந்து நின்றாளோ. யாரைக் காப்பாற்றுவதாக எனக்குள் ஆறு வருடம் ஜம்பம் அடித்தேனோ, அவள் அழக்கூட இல்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சம்பந்தியம்மாவக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பனே. தெருத் தெருவா அவங்களத் தூத்த உட்டுட்டீங்களே" என்றாள். பிறகு என் பக்கமே பார்க்காமல், செருப்புப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு. எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

மகளிடம் நேற்று ஆஸ்பத்திரியிலேயே நானே சொன்னேன். அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. அந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் அடியிலும் மெல்லிய ரப்பர் ஒட்டியிருக்கிறேன். மேலே சாளரத்துக்கு வலை மட்டும். தணல் சட்டி இனி இந்த வீட்டு அறைக்குள் வராது.

மாப்பிள்ளை அன்று காரை விட்டுத் திரும்பி வந்து சொன்னதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரத்தில், "நாமக்கல் மாமாவ வரச் சொல்லட்டுமா?" என்று என்னைப் பற்றிக் கேட்டாராம். அப்போது என் மகள் இரண்டாவதாக உண்டாகி இரண்டு மாதம். நீங்கள் சொன்னீர்களாம்: "வேண்டாஞ் சாமி. இந்த நெலமைல என்னப் பாத்தா அவரு தாங்கமாட்டாரு, எல்லாத்தையும் சொல்லிப்போடுவாரு. மாசமா இருக்கற புள்ளைக்கு இப்ப அந்தச் சங்கடம் வேண்டாம்." எதைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்கு அன்றைக்குப் புரியவில்லையாம். இப்போதுதான் புரிகிறது என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடக்கூடிய மனுசன் என்று அம்மா இவரை நம்பியிருந்தார்களே என்று அதை வைத்துத்தான் என்னை மன்னிக்கப் பார்க்கிறார் போலிருந்தது.

சம்பந்தி, நீங்கள் படுத்திருக்கிற சேதி எனக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லையே என்று அந்த வாரம் முழுக்க எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கூப்பிட்டு வந்திருந்தாலும் ஆரஞ்சுப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டேன். அதை உங்கள் மகனிடம் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. அவரிடம் இனி நான் மறைத்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.